தெரியுதா

செவ்வாய்க்கிழமை கிளினிக். பதினேழாம் நம்பர்.
மருதவீரன், ஐம்பத்தெட்டு வயது,
புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி.
சீனி வருத்தம் பதினொரு வருசம்.
செருப்பில் ஏறிய ஆணியோடு
மூன்று நாள் மூட்டை சுமந்திருக்கிறார்.
நாலாம் நாள் மூக்குச் சொல்லித்தான்
காலைத் திருப்பிப் பார்த்தாராம்.

டொக்டரிடம் இருப்பது ஒரே சொல்:
ஃபீல்.
கையுறை மாட்டியபடி கேட்பார்,
மாத்திரை எழுதியபடி கேட்பார்.
அதைத் தமிழாக்கத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் மாதம் முழுக்க
"உணர்கிறீர்களா" என்று கேட்டேன்.
வானொலிச் செய்தி கேட்பவர்கள் போல
மரியாதையாக மௌனமாக இருந்தார்கள்.
இப்போது "தெரியுதா" என்கிறேன்.
கண்ணுக்கும் அதுதான், புத்திக்கும் அதுதான்,
பெருவிரலுக்கும் அதுதான் எங்களிடம்.

நைலோன் நூலின் நுனி
அவர் உள்ளங்காலில் வளைகிறது.
தெரியுதா?
இல்ல.
இங்க?
இல்ல.
இப்ப?
தொட்டுட்டீங்களா மிஸ்?

பத்து இடத்தில் எட்டு இல்லை.
எப்படி இருக்கிறதாம், கேளுங்கள் என்கிறார் டொக்டர்.
பஞ்சுமேல நடக்கிற மாதிரி.
ராவைக்கு எறும்பு.
சில நேரம் ஆரோ வேற ஆள்ட காலை
எனக்குக் கட்டிவிட்ட மாதிரி.
டொக்டர் எழுதியது நாலெழுத்து.

வெளியே வாங்கில் இன்னும் இருபது பேர்.
வெள்ளவத்தை அம்மாவுக்கு உளைவு, கூடவே அந்தரம்.
கல்முனைக்காரருக்குக் கடுப்பு.
யாருக்கோ விறைப்பு, யாருக்கோ எரிவு,
சுள்ளென்று, விண்ணென்று, கிண்ணென்று,
ஓங்காளம், கூச்சம், நெஞ்சுக்குள் ஏதோ பிசையுதாம்.
எல்லாரையும் அந்தக் கோட்டின்மேல்
இருத்தப் பார்க்கிறேன். கோடு அரை அங்குலம்.

பன்னிரண்டரைக்கு நாக்குக் களைத்துவிட்டது.
கணுக்காலில் நூல் வைத்தபோது
தவறி வந்தது வாயில்:
"இங்க ஃபீல் பண்றீங்களா?"

மருதவீரன் சிரித்தார்.
எதுக்கு மிஸ் ஃபீல் பண்ணணும்?
மகள் சொல்லாமப் போனப்பவே நான்
ஃபீல் பண்ணல்ல.
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
பண்ணினேன், என்றார்
சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்திடம்.

டொக்டர் நிமிர்ந்தார்: என்ன சொல்கிறார்?
கணுக்கால் வரைக்கும் ஒன்றும் இல்லையாம்,
என்றேன்.

பழைய தமிழில் ஊறு என்றால் தொடுகை.
ஐந்து புலனில் ஒன்று.
ஊறு என்றால் காயமும்தான்.
காயத்தில் கசிந்து ஊறுவதும் அதே எழுத்து.
வைத்தவர் யாரோ, ஒரு நாட்டாமியின் காலை
முன்னால் வைத்துக்கொண்டு யோசித்திருப்பார்:
ஒன்று போனால்
மற்றது வரும்.
உணர்வதென்றால் விழிப்பதாம். ஊடல் தீர்வதாம்.
இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

போகும்போது சொன்னார், கேட்காமலே:
காலை விடுங்க மிஸ். தோள் நல்லா இருக்கு.
அம்பது கிலோ மூட்டையில
ரெண்டு கிலோ குறைஞ்சா
தராசுக்கு முந்தி எனக்குத் தெரியும்.

பொரளை சந்தியில் மழை. பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.
தம்பி டொரொண்டோவிலிருந்து அனுப்பியிருந்தான்,
வீடு கைமாறிவிட்டது அக்கா, ஃபீல் பண்ணாதே.
சரி என்று பதில் போட்டேன், கட்டைவிரலால்.

இரவு செருப்பைக் கழற்றினால்
குதிகாலில் கொப்புளம், உடைந்து
வாரெல்லாம் ஈரம்.
எப்போது கடித்ததென்று
யோசித்துப் பார்க்கிறேன்.
காலையா, கணுக்காலில் நூல் வைத்த நேரமா,
பஸ்ஸிலா.